பயிர் நிற்கும்வரை நல்ல நாய்

பூதலூரில் எனக்கு ஓர் உரக்கடை இருக்கிறது. யூரியா வாங்க வருபவர் தலையில் இன்னொரு பொருளையும் சேர்த்துக் கட்டுவது எங்கள் தொழிலில் கெட்ட பெயர் எடுத்த பழக்கம். யூரியா வேண்டுமா, கூடவே இந்த நுண்ணூட்டப் பாக்கெட்டையும் எடுத்துக்கொள் என்பார்கள். நான் அப்படிச் செய்வதில்லை என்று வெகுநாள் பெருமையாக இருந்தேன். ஒருநாள் டீக்கடையில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்:

"அந்தக் கடைக்குப் போகாதய்யா. யூரியா கேட்டா நாயக் கொடுத்து அனுப்புறாரு."

நான் டீயைக் குடித்து முடித்து, அவர் தோளைத் தட்டி, "மூட்டைக்கு ஒரு நாய்தாங்க. ரெண்டா கேட்டா தரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுக்க முடியாததை ஒப்புக்கொண்டு சிரிக்க வைத்துவிடுவது என் வழக்கம். என் மனைவி அதை வேறு பெயரில் சொல்வாள்: வெட்கங்கெட்டதனம்.

நாய்கள் வந்த கதை சிறியது. எங்கள் ஊருக்குத் தெற்கே போகப் போக வாய்க்கால் தண்ணீர் ஏறாத மேட்டு நிலம். அங்கே வேட்டை நாய்களோடு முயல் பிடிக்க ஆட்கள் வருவார்கள். அது குற்றம். ஒருமுறை கும்பலாகப் பிடிபட்டார்கள். ஆட்களுக்கு அபராதம், நாய்களுக்கு விடுதலை. விடுதலை என்றால் ரோட்டோரத்தில். அதில் ஒன்று மழைக்கு என் கிடங்கில் ஒதுங்கியது. நான் ஒரு தட்டில் மோர்சாதம் வைத்தேன். அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் நாய்க்குச் சோறு போடுகிற உரக்கடை என்று எனக்கு ஒரு முகவரி உண்டாகிவிட்டது. கால் ஒடிந்தது, வயதாகிப்போனது, வீடியோவில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கியவருக்கு அலுத்துப்போனது என்று ஒவ்வொன்றாக என் கடையின் ஷட்டரில் கட்டிவிட்டுப் போனார்கள்.

எல்லாம் ஒரே மாதிரி உடம்பு. சிப்பிப்பாறை, கன்னி என்ற வேட்டை இனங்கள், இரண்டும் கலந்தது. நீண்ட மூஞ்சி, வில் போல முதுகு, முதுகெலும்போடு ஒட்டிக்கொண்ட வயிறு. நான் பக்கத்தில் நின்றால், இடுப்பே இல்லாத ஒருவன் இடுப்பு மட்டுமே உள்ள ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதாகத் தெரியும். "நீங்க சாப்புட்டுட்டு அதுக்குப் போடுறதில்லையா?" என்று கேட்காத வாடிக்கையாளர் கிடையாது. மற்ற நாய்கள் உலகத்தை மூக்கால் படிக்கும். இவை கண்ணால் படிக்கும். தூரத்தில் ஏதாவது அசைந்தால் போதும், கிளம்பிவிடும். அசைந்தது முயலா பாலித்தீன் பையா என்பது போய்ச் சேர்ந்த பிறகுதான் முடிவாகும்.

மனைவி ஒரே ஒரு சட்டம் போட்டாள். எதற்கும் பெயர் வைக்கக் கூடாது. பெயர் வைத்தால் அது நம் வீட்டு நாயாகிவிடும், அப்புறம் யாருக்கும் கொடுக்க மனசு வராது. அதனால் நிறத்தைச் சொல்லிக் கூப்பிட்டோம். கருப்பு, மயிலை, சந்தனம், செவலை. செவலை என்ற ஆண் நாய்தான் இந்தக் கதையில் முக்கியமானவன். மற்ற நாய்கள் 'அது'. இவன் மட்டும் எப்படியோ 'அவன்' ஆகிவிட்டான். மனைவியின் சட்டத்தில் அதற்குத் தடை இல்லை.

நாய்க்கு வீடு பார்ப்பதை நான் கல்லாவில் உட்கார்ந்தபடியே செய்தேன். வருபவரிடம் நிலம் எங்கே, என்ன ரகம், தழைச்சத்து போட்டாச்சா என்று கேட்டுக்கொண்டே வந்து, பேச்சு நல்ல பக்குவத்தில் இருக்கும்போது, "வீட்ல நாய் இருக்குதுங்களா?" என்பேன். சம்பா இடுப்பளவு வளர்ந்து நிற்கும் கார்த்திகையில் இந்தப் பேச்சு பிரமாதமாக எடுபட்டது. கிடங்கில் இருந்த எல்லா நாய்களும் போய்விட்டன. செவலை திருவாரூர்ப் பக்கம், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் வீட்டுக்குப் போனான்.

போனவர்கள் போன் செய்தார்கள். "பச்சப்புள்ள மாதிரி கெடக்குங்க. போட்ட எடத்துல படுத்திருக்கு." "வரப்பத் தாண்டி ஒரு எட்டு வைக்க மாட்டேங்குது." எனக்குத் தலைகால் புரியவில்லை. எந்த நாய் எந்த வீட்டுக்குப் பொருந்தும் என்று கணிக்கும் வரம் எனக்கு இருக்கிறது என்று மனைவியிடம் சொன்னேன்.

"கல்யாணத் தரகருங்க எல்லாரும் இதத்தான் சொல்லுவாங்க. மொத மாசம்" என்றாள்.

தை பிறந்தது. எங்கள் பக்கம் தை என்றால் அறுவடை இயந்திரம். ஒரு ஊரில் இறங்கி அடுத்த ஊரில் ஏறுவதற்குள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை எல்லாம் தரையோடு தரையாகிவிடும். அந்த வாரத்தில்தான் ஒரு குட்டியானை வண்டி என் கடை முன்னால் வந்து நின்றது. பின்னால் வைக்கோலுக்கு நடுவில் செவலை நின்றுகொண்டிருந்தான். ரயில்வேக்காரர் இறங்கி, செருப்பைச் சரிசெய்துகொண்டார்.

"நாய் நல்ல நாய்தான் அண்ணே. எங்க வீட்ல இருக்க மாட்டேங்குது, அவ்வளவுதான்."

"என்னங்க ஆச்சு?"

"அறுப்பு மிஷின் எறங்கிச்சு. இது வரப்புல ஒக்காந்து பாத்துக்கிட்டே இருந்துச்சு. மிஷின் ஒரு சுத்து சுத்துனதும் எந்திரிச்சு நின்னுச்சு. இன்னும் ரெண்டு சுத்து சுத்துனதும் காதத் தூக்குச்சு. கடைசிப் பயிர் விழுந்ததும் கெளம்புச்சு பாருங்க. அப்புறம் நான் அதப் பாத்தது மூணாவது ஊர்ல. வழி நெடுக மொளச்சிருந்த உளுந்த மிதிச்சுட்டுப் போயிருக்கு. ஒருத்தர் விடாம எங்கிட்ட கேட்டுட்டாங்க."

"இவ்வளவு நாளு ஓடலீங்களே?"

"அதான் எனக்கும் புரியல. ஒங்க வீட்டு உரத்துல ஏதாச்சும் இருக்குமோ?"

செவலை தானாகக் குதித்து இறங்கினான். யாரையும் பார்க்காமல் கிடங்குக்குள் போய், பொட்டாஷ் மூட்டைகளுக்குப் பக்கத்தில் தன் பழைய சாக்கில் படுத்துக்கொண்டான். அதற்கடுத்த நாட்களில் மயிலை வந்தது. சந்தனம் வந்தது. கருப்பும் வந்தது. எல்லோரும் ஒரே கதையைத்தான் சொன்னார்கள்: கார்த்திகையில் தங்கம், தையில் தறுதலை. பொங்கல் சீர் கொடுத்து அனுப்புவது போல வரிசையாக எனக்கு நாய் திரும்பி வந்தது.

என் ஞானத்துக்கு அப்போதும் எட்டவில்லை. கிடங்கின் பின்கதவைத் திறந்தால் ஒரு வயல், அதைத் தாண்டி ரயில் பாதை. ஒரு காலையில் செவலை அங்கே கட்டுக்கயிற்றின் நுனிவரை போய், ஒரு தசை அசையாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். என்னதான் பார்க்கிறான் என்று தெரிந்துகொள்ள நான் அவன் பக்கத்தில் குந்தினேன். அவன் கண் என் கண்ணைவிடத் தாழ்வாக இருந்தது. வேட்டியை மடித்துக்கட்டி, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, தலையை அவன் உயரத்துக்குக் கொண்டுவந்தேன்.

எல்லாம் தெரிந்தது. ரயில் பாதை, அதற்கு அப்பால் ஒரு கொக்கு, கொக்குக்கு அப்பால் இன்னொரு ஊரின் தென்னை மரங்கள். இதே இடத்தில் கார்த்திகையில் இதே உயரத்தில் குந்தியிருந்தால் என்ன தெரிந்திருக்கும்? நெல் தாள். மூக்குக்கு முன்னால் ஒரு பச்சைச் சுவர். அதைத் தாண்டி உலகமே கிடையாது.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. யூரியாவுக்கு வந்த வாடிக்கையாளர்.

"என்ன மொதலாளி, எதயாச்சும் தொலச்சுட்டீங்களா?"

"இல்லப்பா. நாய் எப்புடிப் பாக்குதுன்னு பாக்குறேன்."

அவர் கொஞ்ச நேரம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பாத்து முடிச்சுட்டு ரெண்டு மூட்ட போடுங்க. அவசரமில்ல."

இது எங்கள் ஊர்க்காரனால் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. இந்த நாய்கள் பிறந்த தெற்குச் சீமையில் நிலம் எப்போதும் திறந்தே கிடக்கும். அங்கே ஒரு நாய் ஓடுகாலியா இல்லையா என்று வந்த அன்றைக்கே தெரிந்துவிடும். நாங்கள்தான் நாயின் கண் முன்னால் மாதக்கணக்கில் சம்பாவைத் திரையாகத் தொங்கவிட்டு, ஆகா எவ்வளவு அடக்கமான பிள்ளை என்று அதன் குணத்துக்குச் சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்தோம். நட்டதும் வளர்ந்ததும் அறுத்ததும் எங்களுக்கு ஒரே வயல்தான். நாய்க்கு அது இரண்டு உலகம்.

அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தேன். நான் எடுத்த முடிவுகளில் மறுநாள் வரைக்கும் தாங்கியவை குறைவு; உடம்பைக் குறைக்கும் முடிவைக் காலை இட்லியே முறித்துவிடும். இது தாங்கியது. பயிர் நிற்கும்போது எந்த நாயையும் யாருக்கும் கொடுப்பதில்லை. நிலம் மொட்டையாகக் கிடக்கும் காலத்தில்தான் கொடுப்பது. கேட்பவரை வயலுக்குக் கூட்டிப்போய், நாயை நீளக் கயிற்றில் விட்டு, அது எப்படி இழுக்கிறது என்று காட்டுவது. பார்த்த பிறகும் வேண்டும் என்றால் தருவது. கடைசியாக ஒரு நிபந்தனை. அதைச் சொல்லும்போது மட்டும் என் முகத்தில் சிரிப்பு இருக்காது: "ஒரு தடவ ஓடுனாலும் மறைக்கக் கூடாது. ஒடனே எனக்குச் சொல்லணும். நான் வந்து எடுத்துக்கிட்டுப் போயிடுவேன்."

கயிறு இழுத்த இழுப்பில் பாதிப் பேர் ஓடிவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் உருப்படியானவர்கள். தஞ்சாவூரில் சுற்றுச்சுவர் வைத்த ஒரு வீட்டுக்கு மயிலை போனது. அது இப்போது சோபாவை விட்டு இறங்குவதில்லை என்று கேள்வி. சந்தனமும் கருப்பும் அண்ணன் தம்பி இரண்டு பேர் வீட்டுக்குப் போயின. செவலைதான் நிற்கவில்லை. ஒரு தென்னந்தோப்பு வீட்டில் விட்டேன். கீழே எல்லாம் திறந்திருக்கிறது என்பதை நான் மரத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டே மறந்துவிட்டேன். பக்கத்துத் தாள் வயலில் வாத்து மேய்ந்துகொண்டிருந்தது. அவன் ஒன்றைக்கூடக் கடிக்கவில்லை. ஆனால் அந்த மந்தை நான்கு ஊருக்குப் பிரிந்து போய், வாத்துக்காரர் சாயங்காலம் வரை ஒவ்வொரு குட்டையாகத் தேடினார். அன்றைக்கே அவன் திரும்பி வந்தான். அடுத்து ஒரு வீடு. அங்கிருந்தும் வந்தான்.

என்னை உறுத்தியது அவன் ஓடியது அல்ல. ஒவ்வொரு தடவையும் திரும்பி வரும்போது அவன் நடந்துகொண்ட விதம். முதலில் வண்டி என்றால் நான்கு பேர் சேர்ந்து தூக்க வேண்டும். இப்போது யாருடைய வண்டி கடை முன்னால் நின்றாலும் தானாகப் போய் முன்னங்கால் இரண்டையும் அதில் தூக்கி வைத்துவிட்டு நிற்பான். உர லாரியில் வைத்தான். பால்காரர் சைக்கிளில் வைத்தான். சரி, அடுத்து எங்கே என்று கேட்பது போல. மனைவி ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய், வெகுநேரம் கழித்து வந்தாள்.

"இன்னொரு தடவ இவன எறக்கி ஏத்தாதீங்க. கொடுக்குறதா இருந்தா அது கடைசியா இருக்கட்டும். இல்லன்னா கொடுக்காதீங்க."

கொடுக்காமல் வைத்துக்கொள்வதும் சுலபம் இல்லை. புது நாய்கள் வருவது நிற்கவில்லை. கிடங்கு உரத்துக்கானது, நாய் மூச்சு விடுவதற்கானது அல்ல. அந்த நெடியில் அவனுக்குக் கண்ணில் நீர் வடிய ஆரம்பித்திருந்தது. கண்ணால் வாழ்கிற நாய்க்கு. இவனுக்கு ஒரு வீடு, அதுவும் கடைசி வீடு, பார்த்தே தீருவது என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

ஆவணியில் ஓர் அம்மா வந்தார். திருக்காட்டுப்பள்ளியில் காவிரிக் கரையோரம் வாழை போட்டிருந்தார். வீட்டுக்காரர் இறந்து சில வருஷம் ஆகிறது, மகன் சிங்கப்பூரில். பொட்டாஷ் மூட்டையின் தையலை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து வாங்குகிற ஆள். நான் அவரை அக்கா என்றேன். அவர் என்னை அண்ணே என்றார். யார் மூத்தவர் என்பதில் இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை. கிடங்குக்குள் வந்தவர் செவலையைப் பார்த்தார்.

"இது எதுக்கு அண்ணே இங்க கெடக்கு?"

"வீடு தேடிக்கிட்டு இருக்குங்க அக்கா."

"கொரைக்குமா?"

"மனசு வந்தா. மனசு வர்றதில்ல."

"காவலுக்கு?"

"திருடன் வந்தா தலையத் தூக்கிப் பாப்பான். தெரிஞ்சவனான்னு யோசிப்பான். அதுக்குள்ள திருடனுக்கே ஒரு மாதிரி ஆயிடும்."

அவர் சிரிக்கவில்லை. "எனக்குக் காவல் வேணாம். சக்கர இருக்கு, தெனம் நடங்கன்னு டாக்டரு சொல்லிட்டாரு. கரையில தனியா நடந்தா போறவன் வர்றவன்லாம் 'எங்கக்கா போறீங்க, எங்கக்கா போறீங்க'ங்குறான். எங்கயும் போகல, சும்மா நடக்குறேன்னா 'சும்மா எதுக்கு நடக்குறீங்க'ங்குறான். ஒரு நாயப் புடிச்சுக்கிட்டு நடந்தா ஒரு பய கேக்க மாட்டான். நாய நடத்துறேன்னு நெனச்சுக்குவான்."

நாய் வேண்டும் என்பதற்கு நான் கேட்டதிலேயே நேர்மையான காரணம் அதுதான். ஆனால் நான் சூடு கண்டவன். இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் தருவேன் என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருக்காட்டுப்பள்ளிக்குப் போனேன். வீட்டைச் சுற்றி மூன்று பக்கம் வாழை. ஒரு பக்கம் தார் வெட்டினால் இன்னொரு பக்கம் கன்று நிற்கும். வருஷம் முழுக்க மொட்டையாகவே ஆகாத தோட்டம். நான்காவது பக்கம் காவிரி. கல்லணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டிருந்த நேரம். கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது.

நான் அந்த அம்மாவுக்கு எதிரிலேயே வேட்டியை மடித்துக்கட்டிக் கையை ஊன்றிக் குந்தி, நான்கு திசையும் பார்த்தேன். வாழைத்தண்டு, வாழைத்தண்டு, வாழைத்தண்டு, தண்ணீர்.

"என்ன அண்ணே பண்ணுறீங்க?"

"கண்ணுக்கு என்ன தெரியுதுன்னு பாக்குறேங்க."

"கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாருங்க."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்: "எடம் பூட்டுப் போட்ட மாதிரி இருக்கு." என் நிபந்தனையை அந்த அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னேன். ஓடினால் சொல்ல வேண்டும், நான் எடுத்துக்கொண்டு போய்விடுவேன். அவர் தலையாட்டினார். செவலையை மொபெட்டின் முன்பலகையில் நிற்க வைத்துக் கொண்டுபோய் விட்டேன். திரும்பும்போது முன்பலகை காலியாக இருந்ததில் கால் வைக்கத் தயக்கமாக இருந்தது. காற்றில் ஆட்டிக்கொண்டே வந்தேன். பார்த்தவர்கள் என்னவோ நினைத்திருப்பார்கள்.

புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை. போன் செய்தால் அந்த அம்மா "நல்லா இருக்கு" என்பார். வேறு எதுவும் சொல்லமாட்டார். தை வந்தது. எங்கள் ஊரில் இயந்திரம் இறங்கியது. நான் பின்கதவில் நின்று மொட்டை வயலைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். நீ இங்கே அறு. அவன் வாழைக்குள் இருக்கிறான்.

மாசியில் ஒரு காலை, திருக்காட்டுப்பள்ளி பக்கத்து வாடிக்கையாளர் ஒருவர் பில்லுக்காக நின்றுகொண்டே ஊர்க்கதை பேசினார். "மேட்டூர மூடிட்டாங்கல்ல, ஆத்துல தண்ணி நின்னு போச்சு. பயலுவ நடு ஆத்துல கிரிக்கெட்டு வெளையாடுறானுவ."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

வருஷம் தவறாமல் தண்ணீர் வரும், வருஷம் தவறாமல் நிற்கும். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். காவிரி என்றால் எனக்கு ஆறு. மாசியில் அது இந்த ஜில்லாவிலேயே பெரிய மொட்டை வயல் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அக்கரை வரைக்கும் மணல், நடுவில் ஒரு கொடி காலைத் தடுக்காது. பயிரை வைத்து ஏமாந்தவன், தண்ணீரை வைத்து அதே பாடத்தில் மறுபடியும் தோற்றிருந்தேன். கையை ஊன்றிக் குந்திப் பார்த்த ஆராய்ச்சி வேறு.

போன் செய்தேன். எடுக்கவில்லை. மதியம் எடுத்தார்.

"நல்லா இருக்கு."

"நான் வேணா ஒருதரம் வந்து பாக்கட்டுமா அக்கா?"

"எதுக்கு? வேணாம். தார் வெட்ட ஆளு வந்திருக்கு." வைத்துவிட்டார்.

அந்த 'வேணாம்' வந்த வேகத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஓடிப்போய்விட்டான். மறைக்கிறார். மனைவியிடம் சொன்னேன். அவள் கிடங்குக்குப் போய், மூலையில் இருந்த சாக்கை எடுத்து உதறினாள்.

"அத ஏன் ஒதறுற?"

"எப்படியும் கொண்டுக்கிட்டுத்தானே வருவீங்க."

"கூட்டிக்கிட்டு வரப் போகல. அங்கயே இருக்க வைக்கப் போறேன்" என்றேன். எனக்கே கேட்கப் புதிதாக இருந்தது. இந்தத் தடவை நான் யோசித்துத்தான் கிளம்பினேன். கடையில் நாற்றங்காலுக்கு விற்கிற பச்சை நிழல்வலை இருந்தது. அதில் ஒரு முழுச் சுருளை மொபெட்டில் வைத்துக் கட்டினேன். கரையோரமாகக் கம்பு நட்டு நாயின் உயரத்துக்கு வலையை இழுத்துக் கட்டிவிட்டால் ஆறு தெரியாது. பயிர் இல்லையா, நானே ஒரு பயிரை நட்டுவிடுகிறேன். வழியில் பார்த்தவர்கள் எல்லாம் எங்கே பந்தல் வேலை என்று கேட்டார்கள். காவிரிக்கு என்றேன்.

வெயில் தாழும் நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். அந்த அம்மா கரைச் சரிவில் உட்கார்ந்திருந்தார். சேலைக்குக் கீழே மகன் அனுப்பிய வெள்ளை ஷூ. கையில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் ஒன்றுமில்லை.

என்னைப் பார்த்ததும் கயிற்றைச் சுருட்டிப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"வாங்க அண்ணே. சொல்லாம வந்துட்டீங்க."

"நாய் எங்கங்க அக்கா?"

"இருக்கு."

"எங்க?"

"இங்கதான்."

ஆற்றைப் பார்த்தேன். மணல். அக்கரையோரம் நாணல். இடையில் ஓர் உயிர் இல்லை. "ஓடிட்டானா?" என்றேன்.

"ஓடல. ஓடிட்டு வரும். அது வேற, இது வேற." அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டே பேசினார். "தண்ணி நின்னதும் ஒருநாள் கயித்தோட இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு. அன்னிக்கி முழுக்க வரல. ரெண்டு கரையும் தேடினேன். ஒங்களுக்குச் சொல்லல. சொன்னா எடுத்துக்கிட்டுப் போயிடுவேன்னீங்க. ரெண்டு தடவ சொன்னீங்க."

நான் மொபெட்டை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"வீட்டுக்கு வந்து பாக்குறேன், வாழைக்குள்ள படுத்திருக்கு. எனக்கு முன்னாடியே வந்துடுச்சு. அதுலேர்ந்து நானே இந்த எடத்துல வந்து அவுத்து விட்டுடுறேன். வர்ற வரைக்கும் ஒக்காந்துக்கிட்டே இருப்பேன்."

"அப்ப நடக்குறது?"

"எங்க நடக்குறது? அது ஓடுது, நான் ஒக்காந்திருக்கேன். சக்கர ஏறிப்போச்சுன்னு டாக்டரு திட்டுறாரு." பின்னால் மறைத்திருந்த கயிற்றை முன்னால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "இப்ப எடுத்துக்கிட்டுப் போகவா வந்தீங்க?"

இத்தனை நாய்களைக் கொடுத்திருக்கிறேன். எப்போது திரும்பக் கொண்டுவந்துவிடுவார்களோ என்று பயந்தவன் நான். எப்போது வந்து பிடுங்கிக்கொண்டு போவானோ என்று என்னைப் பார்த்து ஒருவர் பயந்தது அதுதான் முதல் தடவை.

பதில் சொல்வதற்குள் அக்கரை நாணலில் ஒரு புள்ளி அசைந்தது. புள்ளி கோடானது. கோட்டுக்குப் பின்னால் மணல் எழும்பியது. அவன் நேராக வரவில்லை. ஆற்றின் அகலம் முழுவதையும் எடுத்துக்கொண்டு, கிரிக்கெட் பையன்களைச் சுற்றி வளைத்து, நான்கு காலும் ஒரே நேரத்தில் தரையில் இல்லாமல் வந்தான். நான் அவனை அப்படிப் பார்த்ததே இல்லை. என்னிடம் இருந்தவரை அவன் உரமூட்டைக்குப் பக்கத்தில் படுத்திருந்த ஒரு நாய். இதை மறைக்கத்தான் நான் வலை கொண்டுவந்திருந்தேன்.

கரை ஏறி, மூச்சிரைக்க என்னைப் பார்த்தான். பிறகு மொபெட்டைப் பார்த்தான். மெதுவாக நடந்து போய், முன்னங்கால் இரண்டையும் முன்பலகையில் தூக்கி வைத்து நின்றான்.

அந்த அம்மா எழுந்திருக்கவில்லை. அழைக்கவா வேண்டாமா என்று ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒரு பெயரைச் சொன்னார். உரக்க அல்ல, வீட்டுக்குள் இருப்பவரைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரலில். அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அது அவர்கள் வீட்டு விஷயம். செவலையின் காது மட்டும் பின்னால் திரும்பியது. ஒரு காலை எடுத்தான். மறு காலை எடுத்தான். போய் அவருடைய வெள்ளை ஷூவின் மேல் மூஞ்சியை வைத்துப் படுத்துக்கொண்டான்.

"எடுக்க வரலீங்க அக்கா" என்றேன். "வலை கட்ட வந்தேன்."

"எதுக்கு வலை?"

சொன்னேன். முழுத் திட்டத்தையும், கம்பு, உயரம், பயிர், எல்லாவற்றையும். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் அவரைப் பார்க்க ஆரம்பித்து அன்றைக்குத்தான் முதலில் சிரித்தார். நிறுத்தவே முடியவில்லை, சேலை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஆத்துக்குத் திரை போடப் போறீங்களா?"

"ஆமாங்க."

"வச்சுட்டுப் போங்க. கோழிக்கு ஆவும்."

வலையை இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பினேன். கிளம்பும்போது, ஓடினால் எனக்குச் சொல்லுங்கள், நான் எடுக்க வரமாட்டேன், சேர்ந்து தேட வருகிறேன் என்றேன். அதற்கும் தலையைத்தான் ஆட்டினார். ஆனால் கயிற்றை எனக்கு எதிரிலேயே கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி வாசலில் நின்று மொபெட்டின் முன்பலகையைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய்க் கிடங்கின் விளக்கைப் போட்டாள். உதறிப் போட்ட சாக்கில், நான் இல்லாத நேரத்தில் யாரோ ஷட்டரில் கட்டிவிட்டுப் போன ஒரு சாம்பல் நிறப் பெண் நாய் சுருண்டு படுத்திருந்தது.

"சாக்கு வீணாகல" என்றாள்.

மறுநாள் டீக்கடைக்காரரே கடைக்கு வந்தார். தம்பிக்கு நாய் வேண்டுமாம். வயல் பக்கத்து வீடு. சாம்பலைக் காட்டினேன்.

"ஓடுமா?"

"ஓடும். ஓடுறதப் பாக்கணும் நீங்க. இப்ப வயலு மொட்டையாத்தான் இருக்கு, வாங்க" என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டேன். அவர் யூரியா எதுவும் கேட்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.